காலையில் 7.8, ராத்திரி 8.2: பவளத் தொட்டியின் பிஎச் கணக்கு

"காலையில பார்த்தா 7.8, ராத்திரி பார்த்தா 8.2. மீட்டர் கெட்டுப்போச்சா?"

கடல்நீர்த் தொட்டி வைத்த புதிதில் அநேகமாக எல்லோரும் கேட்கிற கேள்வி இது. மீட்டர் கெடவில்லை. தொட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பவளம் வளர்கிற தொட்டியில் பிஎச் இப்படித்தான் ஏறி இறங்கும். அது ஏன் நடக்கிறது, எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை, எப்போது நாம் கை வைக்க வேண்டும் என்பதைக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். வீட்டை எதற்கு இழுக்கிறேன் என்றால், பிஎச் கணக்கில் பாதி தொட்டிக்கு வெளியே, அறைக் காற்றில் இருக்கிறது.

முதலில் பிஎச் என்ன என்று பார்த்துவிடலாம். தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்லும் எண் அது. டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது 1909இல் கொண்டுவந்த அளவுகோல். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அயனி கூடக்கூட எண் குறையும் என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். இன்னொன்று, இது ஸ்கேலில் உள்ள சென்டிமீட்டர் மாதிரி சமமான படிகள் கொண்டதல்ல. ஒரு எண் இறங்கினால் அயனிகள் பத்து மடங்கு கூடியிருக்கின்றன என்று பொருள். 0.3 இறங்கினாலே இரண்டு மடங்கு. இந்த 0.3ஐ நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

திறந்த கடலின் மேற்பரப்பில் சராசரி பிஎச் 8.1 அளவில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னால் 8.2 அளவில் இருந்தது. நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் விட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொண்டதால் வந்த இறக்கம் அது. வீட்டுத் தொட்டிக்கு 7.8இலிருந்து 8.4 வரை எங்கே இருந்தாலும் பவளங்கள் வளரும். 7.7க்குக் கீழே நிலையாக இறங்கிவிட்டால் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டுவது அவற்றுக்குப் பெரும்பாடு. 8.5க்கு மேலே போனால் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போகாமல் மோட்டாரிலும் பம்ப்பிலும் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும். "8.3தான் சரியான எண்" என்று ஒரு பேச்சு உண்டு. அந்த எண்ணைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 7.9க்கும் 8.2க்கும் நடுவில் தினமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிற தொட்டி, இன்று 8.4 நாளை 7.9 என்று மருந்து ஊற்றி ஆட்டிவைக்கிற தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

(பவளம் என்றதும் ஒரு விஷயம். மன்னார் வளைகுடா நமக்குக் கூப்பிடு தூரம்தானே, ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு துண்டு எடுத்து வரலாமே என்று நினைக்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணையில். கரையில் செத்துக் கிடப்பதையும் தொடக் கூடாது. கடையில் வாங்கும்போதும் பில் கேட்டு வாங்குங்கள்.)

பிஎச் ஏன் நாளுக்குள் ஆடுகிறது? காரணம் கரியமில வாயு. அது தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. கோலி சோடாவைத் திறந்ததும் நாக்கில் சுரீரென்று பிடிக்கும் புளிப்பு அதுதான். திறந்தபடியே வைத்துவிட்டால் வாயு வெளியேறி, சோடா சப்பென்று ஆகிவிடும். அப்போது அளந்தால் பிஎச் ஏறியிருக்கும். தொட்டியிலும் இதே கதைதான். வாயு உள்ளே சேர்ந்தால் பிஎச் இறங்கும், வெளியேறினால் ஏறும்.

விளக்கு எரிகிற நேரத்தில் பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளும், கல்லில் படர்ந்த பாசியும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன. விளக்கு அணைந்தபின் இழுப்பதற்கு ஆள் இல்லை. மீன், பவளம், பாசி, பாக்டீரியா எல்லாம் சுவாசித்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே காலையில் விளக்குப் போடுவதற்குச் சற்று முன்னால் பிஎச் மிகக் குறைவாகவும், ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் மிக அதிகமாகவும் இருக்கும். இடையில் 0.2 முதல் 0.4 வரை வித்தியாசம் வருவது சாதாரணம். இதனால்தான், எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதாத பிஎச் எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பேன். நோட்டில் குறிப்பதென்றால் நேரத்தோடு குறியுங்கள்.

வீட்டுக் காற்றும் தொட்டியும்

வெளிக்காற்றில் கரியமில வாயு இப்போது பத்து லட்சம் பங்கில் 420 பங்குக்குச் சற்று மேல். கதவைச் சாத்திய ஏசி அறையில் இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் அது 1000ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. பலர் அப்படிக் கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டித் தண்ணீர் எந்தக் காற்றைத் தொடுகிறதோ அந்தக் காற்றோடு சமனாகப் பார்க்கும். அறையில் வாயு இரண்டு மடங்கானால் தண்ணீரிலும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், பிஎச் கிட்டத்தட்ட 0.3 இறங்கும். வேறு எந்தக் குறையும் இல்லாமலே 8.1 இருந்த தொட்டி 7.8க்கு வந்துவிடும்.

பழைய செட்டிநாட்டு வீட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. முகப்பில் நின்றால் கொல்லை வாசல் வரை பார்வை ஓடும்படி நேர்கோட்டில் நிலைகள், நடுவில் வானம் பார்த்த முற்றம், எட்டாத உயரத்தில் கூரை. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், தாழ்வாரத்தில் வைத்த தொட்டிக்கு இருபத்துநாலு மணி நேரமும் வெளிக்காற்று. நேர் வெயில் விழாத தூணோரமாகப் பார்த்து வைத்தால் போதும்.

அப்புறம் ஏன் எல்லோரும் ஏசி அறையில் வைக்கிறார்கள்? சூடு. சித்திரை வைகாசியில் நம் பக்கம் 38, 40 டிகிரி போகும். பவளத்துக்கு வேண்டியது 25இலிருந்து 27 டிகிரி. தண்ணீர் 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் உள்ளே இருக்கும் நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கத் தொடங்கும். கனமான சுவர் வீட்டின் உள்ளே சில டிகிரி குறைவாக இருக்கும்தான், ஆனால் அது பத்தாது. எனவே தொட்டியை அறைக்குள் கொண்டுபோய், ஏசி போட்டு, கதவைச் சாத்துகிறோம். சூடு தணிகிறது, பிஎச் இறங்குகிறது. நம் ஊர்ப் பவளத் தொட்டிகளின் பிஎச் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிச்சிலிருந்து வருபவை என்பது என் கணிப்பு.

கையில் பணம் இருந்தால் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி, வாங்கித் தொட்டியை வளவிலேயே வைக்கலாம், அதுதான் சுத்தமான தீர்வு. சில்லர் விலை, கரண்ட் பில் இரண்டும் கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏசி அறைதான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஸ்கிம்மர் என்கிற நுரை வடிகட்டி காற்றை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. அதன் காற்றுக் குழாயில் ஒரு நீளமான டியூபைச் சேர்த்து, ஜன்னல் ஓரமாகத் துளை போட்டு வெளியே விடுங்கள். ஸ்கிம்மர் இனிமேல் முற்றத்துக் காற்றை உறிஞ்சும். டியூப் முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள், பூச்சி போகாது. அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். அங்கே கேஸ் எரிகிறது, தாளிக்கும் புகை வேறு. சில நூறு ரூபாய்ச் செலவுகூட ஆகாத இந்த ஏற்பாடு பல தொட்டிகளில் பிஎச்சை 0.1, 0.2 தூக்கிவிடும்.

விசேஷ வீடு என்றால் இன்னொன்று. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லாம் வந்து இறங்குவார்கள். தொட்டி இருக்கிற ஏசி அறையில் பத்து பேர் படுத்தால் மறுநாள் காலை பிஎச் 7.7 காட்டினாலும் ஆச்சரியம் இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம். கூட்டம் கலைந்ததும் தானாக ஏறிவிடும். அந்த நேரத்தில் பதறிப்போய் எதையாவது ஊற்றினால்தான் வம்பு.

கடை பாட்டிலுக்கு முன்னால் ஒரு சோதனை

உங்கள் தொட்டியில் பிஎச் எதனால் குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. செலவே இல்லை. ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்துப் பிஎச் அளந்துகொள்ளுங்கள். அதை முற்றத்துக்குக் கொண்டுபோய், ஏர் பம்ப்பும் ஏர் ஸ்டோனும் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். இன்னொரு பாத்திரத்தில் புதிதாகத் தண்ணீர் எடுத்து, இந்த முறை தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்து அதே மாதிரி செய்யுங்கள்.

முற்றத்தில் ஏறியது, அறையில் ஏறவில்லை என்றால் குற்றவாளி அறைக் காற்று. டியூபை வெளியே விடுவதோ, கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வைப்பதோதான் மருந்து. இரண்டு இடத்திலும் ஏறியது என்றால் அறைக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது, தொட்டிக்குள்தான் காற்றோட்டம் போதவில்லை. தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்ப்பைத் திருப்பி வையுங்கள், மேலே கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். இரண்டு இடத்திலும் ஏறவே இல்லை என்றால், அப்போதுதான் ஆல்கலினிட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆல்கலினிட்டி என்பது அமிலத்தைத் தாங்கிக்கொள்ளத் தண்ணீர் வைத்திருக்கும் கையிருப்பு. பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும். இதை அளக்கும் அலகு டிகேஎச். கடலில் இது 7 டிகேஎச் அளவில் இருக்கிறது. தொட்டியில் 7இலிருந்து 9க்குள், தினமும் ஒரே அளவில் நிற்கட்டும். பவளம் எலும்புக்கூடு கட்ட இதைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது, ஆகவே நாம் விட்டால் தானாகக் குறையும். வாரம் ஒருமுறையாவது கிட் வைத்துப் பாருங்கள். சொல்லப்போனால் பிஎச் மீட்டர் இல்லாமல்கூடப் பவளம் வளர்க்கலாம், ஆல்கலினிட்டி கிட் இல்லாமல் முடியாது.

பிஎச் ஏற்றும் பாட்டில்களைப் பற்றி இப்போது சொன்னால் புரியும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் வகைகள். ஊற்றியதும் எண் ஏறும், மனது குளிரும். சில மணி நேரத்தில் அறையிலிருக்கும் கரியமில வாயு மறுபடி கரைந்து எண்ணை இறக்கிவிடும். ஊற்றிய கார்பனேட் மட்டும் தண்ணீரிலேயே தங்கிவிடும். மறுநாள் மறுபடி ஊற்றுவீர்கள். ஒரு வாரத்தில் பிஎச் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆல்கலினிட்டி 13, 14க்குப் போயிருக்கும், தண்ணீர் ஒருநாள் பால் மாதிரி வெளுத்து நிற்கும். ஆப்ப சோடாவும் பிஎச்சை ஏற்றாது, ஆல்கலினிட்டியை மட்டும்தான் ஏற்றும்.

புதுத் தொட்டிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. பாக்டீரியா இன்னும் பிடிக்காத தொட்டியில் அம்மோனியா இருக்கும். பிஎச் ஏற ஏற அதில் நஞ்சான பங்கு கூடும். முதல் சில வாரங்களில் 7.9 இருந்தால் அப்படியே விட்டுவிடுவதே மீனுக்கு நல்லது.

சுண்ணாம்பு

இவ்வளவுக்குப் பிறகும் பிஎச் ஏற வேண்டும் என்றால் என் ஓட்டு சுண்ணாம்புத் தண்ணீருக்குத்தான். செட்டிநாட்டில் இருப்பவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம், சுவரைத் தொட்டுக் காட்டினால் போதும்.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரியமில வாயு பறந்துபோய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, ஆகும். அதைத்தான் அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துச் சுவரில் பூசினார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சுவர் கல்லாக நிற்பதற்கு அது ஒரு காரணம். பவளத் தொட்டியில் நடப்பதும் இதே வேதியியல். நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால், தண்ணீரில் அதிகமாகக் கிடக்கும் கரியமில வாயுவை அது பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. பிஎச் ஏறுகிறது, ஆல்கலினிட்டி ஏறுகிறது, கால்சியமும் கூடவே சேர்கிறது. பவளம் அந்த இரண்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டுகிறது. ஒரே மருந்தில் மூன்று வேலை.

ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கிற சுண்ணாம்பையோ போடக் கூடாது. அவற்றில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உணவுத் தரத்திலோ ஆய்வுக்கூடத் தரத்திலோ கிடைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்கு மேல் அது எப்படியும் கரையாது. புதியவர்கள் அதில் பாதியில் தொடங்கினால் போதும். ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, மூடி, தெளிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். திறந்து வைத்தால் மேலே ஆடை மாதிரி வெள்ளையாகப் படியும். காற்றில் உள்ள வாயுவைப் பிடித்து அது சுவராகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தெளிந்த நீரின் பிஎச் 12க்கு மேலே. கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. தொட்டியில் மொத்தமாக ஊற்றினால் பவளம் கருகிவிடும். ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்டத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம் அல்லவா, அதற்குப் பதிலாக இதைச் சொட்டுச் சொட்டாக, பிஎச் இறங்குகிற ராத்திரி நேரத்தில் விடுங்கள். மருத்துவமனை டிரிப் செட் ஒன்று போதும். நம் ஊர் வெயிலில் மட்டும் கொஞ்சம் உஷார். கோடையில் சம்ப், அதாவது பவளத் தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி, அதன் மேல் மின்விசிறி போட்டால் தண்ணீர் மளமளவென ஆவியாகும். ஆவியான அளவுக்கெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரே விட்டால் பவளம் செலவழிப்பதைவிட அதிகமாகப் போய்ச் சேரும். ஆல்கலினிட்டி 9ஐத் தாண்டுகிறது என்றால் சுண்ணாம்பைக் குறைத்து, மிச்சத்துக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

சம்ப்பில் பாசி வளர்த்து, மேலே விளக்கு அணைந்திருக்கும் ராத்திரியில் அதற்கு மட்டும் விளக்குப் போடுவதும் நல்ல வழி. கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் குருணை நிரப்பிய குடுவை வழியாக ஸ்கிம்மருக்குக் காற்று விடுவது இன்னொன்று. வேலை செய்யும், ஆனால் குருணையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மீட்டரை எவ்வளவு நம்பலாம்

பிஎச் மீட்டரின் மெல்லிய கண்ணாடி முனையில் உண்டாகும் சிறு மின்னழுத்தத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இது மின்வேதியியல். அந்தத் துறைக்கென்றே நாட்டின் ஆய்வு நிறுவனம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, நம் காரைக்குடியில் இருப்பதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தக் கண்ணாடி முனை காலப்போக்கில் தளர்ந்து தப்பான எண் சொல்லும். மாதம் ஒருமுறை 7, 10 ஆகிய இரண்டு அளவுக் கரைசல்களிலும் வைத்துச் சரிசெய்யுங்கள். வேலை இல்லாதபோது காயவிடாதீர்கள், ஆர்ஓ தண்ணீரிலும் ஊறவிடாதீர்கள், அதற்கென விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். சொட்டு ஊற்றி நிறம் பார்க்கும் கிட்டில் 8.0ஐயும் 8.2ஐயும் பிரித்துப் பார்ப்பது என் கண்ணுக்கு முடிவதில்லை.

ஆர்ஓ தண்ணீரின் பிஎச்சை அளந்து 6 வருகிறதே என்று கலங்குகிறவர்கள் உண்டு. அதில் கையிருப்பு எதுவும் இல்லாததால் காற்றிலுள்ள வாயு சிறிது கரைந்தாலே இறங்கிவிடும். சுத்தமான மழைத்தண்ணீரே 5.6 காட்டும். உப்பு கலந்து, ராத்திரி முழுக்கக் குமிழி விட்டபின் அளந்தால்தான் அர்த்தம். நம் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் நேராகத் தொட்டிக்கு வேண்டாம். நிலத்தடி நீரில் என்னென்ன உப்பு கரைந்திருக்கிறது என்று பார்க்காமல் பவளத்துக்குக் கொடுக்க முடியாது.

கடைசியாகக் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். பம்ப் நின்றதும் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு சேரும், பிஎச் இறங்கும். மீன்களைக் கொல்வது இதில் ஆக்சிஜன் குறைவுதான், பிஎச் அல்ல. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள், அன்று அறைக் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். வெயில் காலம் என்றால் மூடி கட்டிய ஐஸ் பாட்டில் ஒன்றைச் சம்ப்பில் மிதக்கவிடலாம். கரண்ட் வந்தவுடன் மீட்டரைப் பார்த்து எதையும் ஊற்றாதீர்கள். மறுநாள் சாயங்காலம் அளந்து பாருங்கள்.